வேப்பமரத்தில் இருப்பது வல்லூறா, பெஸ்ராவா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மதுரையை அடுத்த நாகமலை புதுக்கோட்டையில் கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற வேப்பமரத்தில், ஜூலை மாதம் ஒரு வேட்டைப் பறவையைப் பார்த்திருக்கிறார். புறா அளவு. முதுகு பழுப்பு, வெள்ளை நெஞ்சில் பழுப்புக் கோடுகள், மஞ்சள் கண். படத்தைப் பார்த்தவர்களில் ஒருவர் வல்லூறு என்கிறார், இன்னொருவர் பெஸ்ரா என்கிறார், மூன்றாமவர் ஸ்பேரோஹாக் என்கிறார். எது சரி, இவற்றின் குஞ்சுகளை எப்படித்தான் பிரிப்பது என்று கேட்கிறார். கூடவே கண்மாய்க் கரை மின்கம்பத்தில் எடுத்த வேறொரு படத்தையும் வைத்து, அதுவும் இதே பறவைதானா என்கிறார்.

தம்பி, முதல் படத்தில் இருப்பது இளம் வல்லூறு. ஷிக்ரா என்று பறவை பார்ப்பவர்கள் சொல்வதும், ஊர்ப்பக்கம் வைரி என்று சொல்வதும் இதைத்தான். இரண்டாவது படம் வேறு பறவை, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நீங்கள் எழுதியிருக்கிற அடையாளங்கள் எல்லாமே சரியாகப் பார்த்து எழுதியவைதான். ஆனால் அவற்றில் ஒன்றுகூட இந்த மூன்று பறவைகளைப் பிரிக்க உதவாது. பழுப்பு முதுகு, கோடு போட்ட நெஞ்சு, மஞ்சள் கண் என்பது இந்தக் கூட்டத்தில் ஏறக்குறைய எல்லாக் குஞ்சுகளுக்கும் பொதுவான முதல் வருடத்து உடை. வளர்ந்த பறவைகளில் ஆண் வல்லூறுக்குச் சாம்பல் முதுகும் சிவந்த கண்ணும் நெஞ்சில் மெல்லிய செம்பழுப்புக் குறுக்குவரிகளும் வந்துவிடும், தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம். குஞ்சில் அந்த வசதி கிடையாது. அதனால் நிறத்தை ஓரமாக வைத்துவிட்டு தொண்டை, வால், கால், இறக்கை நுனி இந்த நான்கையும் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். அதற்கும் முன்னால் இடத்தையும் மாதத்தையும் பார்க்க வேண்டும்.

இடத்திலிருந்தே தொடங்குவோம். மதுரைக்குள்ளும் சுற்றியும் வல்லூறு இல்லாத இடம் குறைவு. வைகைக் கரைத் தென்னந்தோப்பு, சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்கால், நத்தம் பக்கத்து மாந்தோப்பு, பெரிய மரங்கள் இருக்கிற கல்லூரி வளாகம், எங்கேயும் இருக்கும். ஓணானும் அணிலும் சிறு குருவியும் தவளையும் கிடைத்தால் அதற்குப் போதும், காடே வேண்டுமென்பதில்லை. பெஸ்ரா அப்படியல்ல. அது அடர்ந்த காட்டுப் பறவை. நம் பக்கத்தில் அதைத் தேட வேண்டுமென்றால் மேகமலை, பழனிமலை என்று மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டுக்குள் போக வேண்டும். கொண்டை வல்லூறு, அதாவது கிரெஸ்டட் கோஷாக், அதுவும் காட்டைவிட்டு அதிகம் வெளியே வராது. ஸ்பேரோஹாக் இமயமலையிலும் அதற்கு வடக்கேயும் கூடு கட்டும் பறவை. தெற்கே வருவது குளிர்காலத்தில் மட்டும், தோராயமாக ஐப்பசியிலிருந்து மாசி வரைக்கும். அப்போதும் தென்தமிழ்நாட்டில் அபூர்வம்தான். ஆனி, ஆடியில் நாகமலை அடிவாரத்து வேப்பமரத்தில் ஒரு ஸ்பேரோஹாக் உட்கார்ந்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

இடத்தையும் மாதத்தையும் வைத்து முடிவு கட்டலாமா என்று கேட்பீர்கள். கட்டக் கூடாது. ஆனால் எந்தப் பெயரை நிரூபிக்க வேண்டியிருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். மதுரையில் ஒரு பழுப்புக் குஞ்சை வல்லூறு என்று சொல்லப் பெரிய சாட்சி தேவையில்லை. பெஸ்ரா என்று சொல்கிறவர்தான் சாட்சியைக் காட்ட வேண்டும். நம் ஊர்க்காரர்களில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அபூர்வமான பெயரை முதலில் போட்டுவிட்டு, அப்புறம் அதற்கு ஏற்ற அடையாளத்தைப் படத்தில் தேடுகிறார்கள். தேடினால் எதுவும் கிடைக்கும்.

சரி, உங்கள் படத்துக்கு வருவோம். பறவை நேராக உங்களைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, நல்ல விஷயம். அலகுக்குக் கீழே தொண்டையைப் பெரிதாக்கிப் பாருங்கள். நடுவில் மேலிருந்து கீழாக ஒரே ஒரு கோடு தெரிகிறதா? மெல்லிசாக, பென்சிலால் இழுத்த கோட்டின் அகலம்தான். அது இளம் வல்லூறின் தொண்டைக்கோடு. சில குஞ்சுகளில் இன்னும் மங்கலாக, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி இருக்கும். பெஸ்ராவுக்கு இதே இடத்தில் கோடு தடித்து, கறுத்து, எட்ட இருந்தே கண்ணில் அறையும். நெஞ்சுக் கோடுகளும் பெஸ்ராவில் இன்னும் கறுப்பாகவும் கனமாகவும் இருக்கும், முகமும் மொத்தத்தில் இருண்டு தெரியும். கொண்டை வல்லூறுக்கும் தொண்டைக்கோடு தடிமன்தான். ஸ்பேரோஹாக்குக்கு இந்த நடுக்கோடே கிடையாது. தொண்டை முழுக்க நுண்ணிய கீற்றுகள் சிதறியிருக்கும், அவ்வளவுதான். ஆக, ஒரு நல்ல முன்பக்கப் படம் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பறவை கழுத்தைச் சுருக்கி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தால் தொண்டை இறகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மெல்லிய கோடும் தடிமனாகத் தெரியும். தீனிப்பை நிறைந்திருந்தால் எதிர்மாறாகத் தோல் விரிந்து கோடு உடைந்து காணாமல் போகும். அதனால் ஒரே படத்தை வைத்துத் தொண்டைக்கோட்டின் அகலத்தைப் பற்றிச் சண்டை போடுவதில் பயனில்லை. கழுத்தை நீட்டி அக்கம்பக்கம் பார்க்கிற ஒரு நொடிக்காகக் காத்திருந்து எடுங்கள்.

அடுத்தது நெஞ்சும் வயிறும். உங்கள் பறவையில் மேல்நெஞ்சில் இருப்பவை மேலிருந்து கீழே இறங்கும் கோடுகள், நுனி சற்றுப் பருத்தவை. வயிற்றுக்கு வர வர அவை உடைந்து புள்ளிகளாகின்றன. தொடையில் சின்னச் சின்னப் புள்ளிகள். இளம் வல்லூறுக்கு இதுதான் வழக்கமான அமைப்பு. ஸ்பேரோஹாக் குஞ்சில் இது இருக்காது. அதற்கு அடிப்பக்கம் குறுக்குவரிகள்தான், ஒழுங்கில்லாத, முரட்டுத்தனமான வரிகள். நெஞ்சின் மேல்பகுதியில் மட்டும் அந்த வரிகள் உடைந்து சொட்டு வடிவம் காட்டலாம், ஆனால் வயிற்றுக்கு வந்தால் குறுக்குவரி தெளிவாகிவிடும். நெடுக்குக்கோடா குறுக்குவரியா என்ற இந்த ஒரு கேள்வியிலேயே மூன்றாம் நண்பரின் ஸ்பேரோஹாக் விழுந்துவிடுகிறது.

வால்தான் எனக்கு மிகவும் பிடித்த அடையாளம். மிகவும் தவறாகப் படிக்கப்படுவதும் அதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். இளம் வல்லூறின் வாலில் கருப்பட்டைகள் குறுகலானவை. இரண்டு பட்டைகளுக்கு நடுவே இருக்கிற வெளிர் இடைவெளி அவற்றைவிட நன்றாகவே அகலமாக இருக்கும். பெஸ்ராவில் பட்டையும் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒரே அகலம். கொண்டை வல்லூறிலும் பட்டைகள் அகலமானவைதான். கேட்க எளிதாக இருக்கிறது இல்லையா? பிரச்சினை எங்கே வருகிறது என்றால், வாலை எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறோம் என்பதில்.

கைவிசிறியை மடக்கினால் மேலே ஒரு மட்டை, கீழே வேறொரு மட்டை தெரிகிற மாதிரி, மூடிய வாலை மேலிருந்து பார்த்தால் தெரிவது நடு இறகுகள், கீழிருந்து பார்த்தால் தெரிவது ஓரத்து இறகுகள். வல்லூறின் ஓர இறகில் பட்டைகள் எண்ணிக்கையில் அதிகம், இன்னும் நெருக்கமாகவும் மெல்லியதாகவும் இருக்கும். நடு இறகில் குறைவு. வளர்ந்த பறவையில் நடு இறகில் பட்டையே இல்லாமலும் போகும். ஆகவே ஒருவர் முதுகுப்பக்கப் படத்தையும் இன்னொருவர் அடிப்பக்கப் படத்தையும் வைத்துக்கொண்டு பட்டை எண்ணினால் இருவரும் வேறு வேறு இறகை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். எண்ணுவதைவிடப் பட்டையின் அகலத்தையும் இடைவெளியின் அகலத்தையும் ஒரே இறகில் ஒப்பிடுங்கள். வால் விரிந்த படம் கிடைத்தால் ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு இறகு தள்ளி இருக்கிற இறகில் பாருங்கள். இதே பறவையை நீங்கள் வேறு கோணத்தில் எடுத்த படத்தில் வால் லேசாக விரிந்திருக்கிறது, இடைவெளிகள் பட்டைகளைவிட அகலம் என்பது தெளிவு. பெஸ்ராவுக்கு அங்கே இடமில்லை.

காலைப் பார்க்கிறவர்கள் குறைவு. ஆனால் கையில் நல்ல லென்ஸ் இருக்கிறவருக்கு அதைவிட நம்பகமான இடம் இல்லை என்பேன். வல்லூறின் கால் ஒப்பிடும்போது குட்டை, விரல்களும் குட்டையாய்ச் சதைப்பிடிப்போடு இருக்கும். பெஸ்ராவின் கால் ஒல்லி, விரல்கள் மெலிந்து நீண்டவை, அதிலும் நடுவிரல் மற்ற விரல்களைவிட வெகு நீளம். ஸ்பேரோஹாக்குக்கும் அப்படியே குச்சிக்கால், நீண்ட நடுவிரல். இதற்குக் காரணம் சாப்பாடு. பறந்துகொண்டிருக்கிற குருவியை இறகோடு சேர்த்து எட்டிப் பிடிக்க நீள விரல் வேண்டும். பெஸ்ராவும் ஸ்பேரோஹாக்கும் பெரும்பாலும் சிறு பறவைகளைப் பிடித்து வாழ்கின்றன. வல்லூறு தரையிலும் கிளையிலும் இருக்கிற ஓணானையும் தவளையையும் எலியையும் அமுக்கிப் பிடிக்கிற பறவை, அதற்குக் குட்டையான, பலமான பிடி போதும். கொண்டை வல்லூறின் கால் இவை எல்லாவற்றையும்விடத் தடிமன். உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குத் தடிமனாக இருக்கும். கிளையைப் பற்றியிருக்கும் விரல்கள் படத்தில் விழுந்திருந்தால் நடுவிரல் கிளையைச் சுற்றி எவ்வளவு தூரம் போகிறது என்று பாருங்கள்.

பறக்கும்போது பார்த்தால் இறக்கை நுனி. நுனியில் தனித்தனியாகப் பிரிந்து நிற்கிற நீள இறகுகளைப் பறவை பார்ப்பவர்கள் விரல்கள் என்பார்கள். வல்லூறுக்கும் பெஸ்ராவுக்கும் ஐந்து. ஸ்பேரோஹாக்குக்கும் கொண்டை வல்லூறுக்கும் ஆறு. பறவை வட்டமடித்து மேலேறும்போது இறக்கை முழுசாக விரிந்திருக்கும், அப்போது எடுத்த படத்தில் மட்டும் எண்ணுங்கள். பாய்ந்து போகும்போதும் சறுக்கி இறங்கும்போதும் இறக்கை பாதி மடங்கி, ஒரு விரல் இன்னொன்றின் கீழ் ஒளிந்துகொள்ளும். ஆறு ஐந்தாகத் தெரியும், ஐந்து நான்காகத் தெரியும். தொடர் படங்கள் எடுத்து எல்லாவற்றிலும் ஒரே எண் வருகிறதா என்று சரிபார்ப்பது நல்லது. கொண்டை வல்லூறாக இருந்தால் எண்ண வேண்டிய அவசியமே வராது: இறக்கை அகலமாய், பின்விளிம்பு உப்பி, உடம்போடு சேருமிடத்தில் இடுங்கியிருக்கும்.

அடியிறக்கையின் நிறத்தை வைத்து இது வெளுப்பு, அது இருட்டு என்று சொல்லப் பழகியவர்கள் உண்டு. பெஸ்ராவின் அடியிறக்கையில் வரிகள் அழுத்தமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் நம் ஊர் வெயிலில், வானத்தைப் பின்னால் வைத்து எடுத்த படத்தில் எல்லாமே கறுத்துத்தான் தெரியும். காலை ஏழு எட்டு மணிக்கு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுத்த படமாக இல்லாவிட்டால் அந்த அடையாளத்தை நான் கணக்கில் எடுக்க மாட்டேன்.

அளவையும் அப்படித்தான். இந்தக் கூட்டத்தில் பெண் பறவை ஆணைவிடப் பெரியது. ஒரே கூட்டில் வளர்ந்த அண்ணனும் தங்கையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டு வேறு இனம் என்று நினைக்கத் தோன்றும். பெண் வல்லூறு ஒன்றைப் பார்த்துவிட்டு “இது பெருசா இருக்கே, கோஷாக்கா இருக்குமோ” என்று கேட்கிற வேளை எல்லாருக்கும் வரும். தனியாக உட்கார்ந்திருக்கிற பறவையில் அளவு எதையும் தீர்மானிக்காது.

ஜூலையில் பார்த்தீர்கள் என்பதால் இன்னொரு எளிய வழி உங்களுக்கு இருக்கிறது: பெற்றோர் வரும்வரை காத்திருப்பது. வல்லூறு நம் பக்கத்தில் கோடையில் கூடு கட்டும். மாமரம், வேம்பு, புளி என்று இலை அடர்ந்த பெரிய மரத்தின் கவட்டில், காக்கைக்கூடு மாதிரியே ஒழுங்கில்லாத குச்சிக்கூடு. குஞ்சுகள் கூட்டைவிட்டு இறங்கிய பிறகும் சில வாரங்கள் அதே தோப்பைவிட்டுப் போகாது. பெரிய பறவைபோல மறைந்து உட்காரவும் தெரியாது. வெளிக்கிளையில் நின்று, தீனி கேட்டு விடாமல் கத்திக்கொண்டிருக்கும். நடுவில் தும்பியைத் துரத்திப் பார்க்கும், கிளையில் இறங்கும்போது தடுமாறும். உங்கள் வேப்பமரத்தில் நடப்பதும் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மரத்தை நெருங்காமல், மொட்டைமாடியிலிருந்தோ ஜன்னலிலிருந்தோ அரை மணி நேரம் பார்த்தால் சாம்பல் முதுகோடு ஒரு பெரிய பறவை ஓணானைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும். அதைப் பார்த்துவிட்டால் குஞ்சின் பெயரைப் பற்றி யாரோடும் வாதாட வேண்டியதில்லை. அந்த நேரத்தில் கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு மரத்தடிக்குப் போகாதீர்கள். ஆள் நடமாட்டம் இருந்தால் பெற்றோர் தீனியோடு வெகுநேரம் தள்ளியே உட்கார்ந்திருக்கும்.

குரலும் உதவும், ஆனால் ஓர் எச்சரிக்கையோடு. வல்லூறின் குரல் கூர்மையான ஈரசைக் கூப்பாடு, இரண்டாவது அசை சற்று இழுபடும். கரிச்சான் இதை அச்சு அசலாகக் கத்தும். ரெட்டைவால் குருவி என்று நாம் சொல்கிறோமே, அதேதான். மின்கம்பியில் இருந்துகொண்டு வல்லூறு குரல் கொடுத்தால் மைனாக்கள் எல்லாம் பதறிப் பறக்கும். கத்தியவரைக் கண்ணால் பார்க்காமல் குரலை மட்டும் வைத்து வல்லூறு என்று குறித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த பிப்ரவரி, மார்ச்சில் இதே பறவையைப் பார்த்தால் வேறு குழப்பம் வரும். குஞ்சாக இருக்கும்போது முதுகு இறகுகளின் விளிம்பில் ஒரு செம்பழுப்புக் கரை உண்டு. அந்தக் கரை வெயிலிலும் உராய்விலும் தேய்ந்துவிடும். நெஞ்சுக் கோடுகளும் வெளிறி மெலியும். போன ஆடியில் பளிச்சென்று இருந்த பறவை மாசியில் சாயம் போன துணியாகிவிடும். அப்புறம் இறகு மாற்றம் தொடங்கும். பழுப்பு முதுகில் அங்கங்கே புதிய சாம்பல் இறகுகள் முளைக்கும், நெஞ்சில் பழைய நெடுக்குக் கோடுகளுக்கு நடுவே புதிய குறுக்குவரிகள் வரும். இந்தக் கலப்புக் கோலத்தில்தான் ஸ்பேரோஹாக் என்று அதிகம் தவறாகப் பெயரிடுகிறார்கள். குறுக்குவரி தெரிகிறது, குளிர்காலம் முடிகிற நேரம், மாதமும் பொருந்துகிறது, போதாதா! இரண்டு வகைக் கோடுகளும் ஒரே நெஞ்சில் இருந்தால் அது உடை மாற்றிக்கொண்டிருக்கிற வல்லூறாக இருக்கவே வாய்ப்பு. தொண்டை நடுக்கோட்டையும் இறக்கை நுனி விரல் எண்ணிக்கையையும் பார்த்தால் தீர்ந்துவிடும்.

வேட்டைப் பறவையே இல்லாத ஒன்றும் இந்தப் பட்டியலில் அடிக்கடி நுழைகிறது: அக்காக்குயில். வளர்ந்த அக்காக்குயில் வல்லூறைப் போலவே சாம்பல் முதுகு, பட்டை போட்ட வால். அதன் குஞ்சுக்கோ வெள்ளை நெஞ்சில் கரும்பழுப்புக் கீற்றுகள், உடையில் இளம் வல்லூறேதான். பறப்பதும் அப்படியே: சில இறக்கையடிப்பு, ஒரு சறுக்கல், மரத்தை எட்டும்போது மேல்நோக்கி ஓர் எழும்பல். அலகைப் பார்த்தால் பிடிபட்டுவிடும், வல்லூறின் கொக்கி அலகு அதற்கு இல்லை. காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. கிளையில் உட்காரும்போது உடம்பு படுத்தவாக்கில் இருக்கும், இறக்கை தொங்கும். இதையெல்லாம்விட எளிய சாட்சி, அதைச் சுற்றி யார் இருக்கிறார்கள் என்பது. தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று அதற்குப் பூச்சி ஊட்டிக்கொண்டிருந்தால் அது குயில் குஞ்சு. அதே கூட்டம் சுற்றி நின்று கத்தித் தீர்த்தால் வல்லூறாக இருக்கலாம்.

இப்போது கண்மாய்க் கரைப் படம். மின்கம்பத்தில் நிமிர்ந்து, அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. தலையும் நெஞ்சும் வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு, அதில் மெல்லிய கருங்கீற்றுகள். கண் மஞ்சளாக இல்லை, கரும்பழுப்பு. இதற்கும் வல்லூறுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் மடித்த இறக்கையில் இருக்கிறது. வல்லூறின் இறக்கை நுனி வாலின் பாதியோடு நின்றுவிடும், மீதி வால் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். உங்கள் படத்தில் இறக்கை நுனி ஏறக்குறைய வால் நுனியைத் தொடுகிறது. இது வெள்ளைக்கண் பருந்தின் இளம்பறவை.

வெள்ளைக்கண் என்ற பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். வெள்ளை விழி வளர்ந்த பறவைக்குத்தான், குஞ்சுக்குப் பழுப்புதான். வளர்ந்ததன் வெள்ளைத் தொண்டையில் நடுவில் ஒன்றும் ஓரங்களில் இரண்டுமாகத் தெளிவான கருங்கோடுகள் இருக்கும். குஞ்சில் அவை மங்கலாகவோ இல்லாமலோ இருக்கும். அதனால்தான் கையேட்டைப் புரட்டினவுடன் ஒன்றும் பொருந்தவில்லை என்று தோன்றுகிறது. பறந்து போகும்போது மேல் இறக்கையில் ஒரு வெளிர்த் திட்டும், செம்பழுப்பு வாலும் தெரியும், அது உறுதியான சாட்சி. பழக்கமும் வேறு. வல்லூறு இலைக்குள்ளிருந்து பாயும். இது திறந்த வெளியில் கம்பத்திலோ மொட்டைக்கிளையிலோ மணிக்கணக்கில் உட்கார்ந்து, தரையில் அசைகிற வெட்டுக்கிளிக்கும் ஓணானுக்கும் எலிக்கும் இறங்கும். முள்காடும் தரிசும் கண்மாயும் கலந்த மேலூர், திருமங்கலம் பக்கத்து நிலம் அதற்கு ஏற்ற இடம். தரிசெல்லாம் மனைகளாகிக்கொண்டு வருவதால் இதைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் இடத்தோடும் தேதியோடும் குறித்து வையுங்கள் என்பேன். வல்லூறுக்கு அவ்வளவு அவசரமில்லை.

அரிட்டாபட்டிப் பக்கம் போகிறவராக இருந்தால் இதைவிடப் பெரிய பறவைகளின் குஞ்சுகளும் கண்ணில் படும். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. லகார், ஷாஹீன் என்ற இரண்டு வல்லூறுகளும் இராசாளிக் கழுகும் அங்கே இருப்பது அந்த அறிவிப்புக்கு ஒரு காரணம். இராசாளியின் குஞ்சு அடியில் செம்மஞ்சள் நிறமாக இருக்கும். வளர்ந்ததன் வெள்ளை நெஞ்சையும் வால் நுனியின் அகலப் பட்டையையும் அதில் தேடாதீர்கள். லகாரும் ஷாஹீனும் பெயரில் வல்லூறு என்றாலும் ஃபால்கன் இனம், கருங்கண்ணும் கூர்ந்த இறக்கையும் கொண்டவை. உங்கள் வேப்பமரத்துப் பறவையோடு குழம்ப வழியில்லை. தேன்பருந்து மட்டும் தனிக் கதை, ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. புறாத்தலை மாதிரிச் சின்னத் தலையும் நீண்ட கழுத்தும் தெரிந்தால் முதலில் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அழகர்மலையில் நூபுர கங்கைக்கு மேலேயோ, சிறுமலையின் அடர்ந்த பகுதியிலோ இப்படி ஒரு குஞ்சைப் பார்த்தீர்கள் என்றால் கதை மாறும். அங்கே பெஸ்ரா, கொண்டை வல்லூறு என்ற கேள்வி நியாயமான கேள்விதான். அங்கே தொண்டையும், ஒரே இறகில் பட்டை அகலமும், நடுவிரலும் மூன்றும் படத்தில் விழும்வரை பெயர் எழுதாதீர்கள். இவற்றில் இரண்டு பொருந்தி மூன்றாவது தெரியவில்லை என்றால், பறவைப் பதிவுகளை ஏற்றுகிற ஈபேர்ட் தளத்தில், இனம் உறுதியாகாத முன்னாள் அக்சிபிட்டர் வகை என்று பதியவும் இடமிருக்கிறது; அக்சிபிட்டர் என்பது இந்தக் கூட்டத்தின் பழைய பேரினப் பெயர். 2024இல் வந்த வகைப்பாட்டு மாற்றத்தில் வல்லூறையும் பெஸ்ராவையும் அக்சிபிட்டர் பேரினத்திலிருந்து எடுத்து டக்கிஸ்பைசா என்ற பேரினத்தில் வைத்துவிட்டார்கள். பழைய கையேட்டில் ஒரு பெயரும் செயலியில் வேறொரு பெயரும் வந்தால் அது உங்கள் பிழையில்லை.

வேப்பமரத்துப் பறவையை இளம் வல்லூறு என்றே பதிந்துவிடுங்கள். குறிப்பில் தொண்டைக்கோடு மெல்லியது, வால் பட்டை இடைவெளியைவிடக் குறுகல் என்ற இரண்டையும் எழுதி, வால் விரிந்த படத்தையும் சேர்த்துப் போடுங்கள். கண்மாய்க் கரைப் பறவைக்கு இறக்கை நுனி வால் நுனியைத் தொடுகிற அந்தப் பக்கவாட்டுப் படமே போதும்.